எமில் மாமாவின் வண்டி – 11: இடப்பக்கச் சக்கரம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆர்லிஸ் குபிசெக் கொட்டகை வாசலில் நின்று ஒரு சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. பத்து மணிக்கு வெசெலி ஊரின் கோடை ஊர்வலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பும். அதில் இந்த வண்டி ஓடினால் அது ஆர்லிஸுக்கு. ஓடாவிட்டால் தம்பி ட்வெய்னுக்கு. அவன் கைக்குப் போனால் ஆகஸ்ட் மாதச் சந்தையில் மோதல் பந்தயத்தில் இறங்கிவிடும். பழைய வண்டிகளை ஒன்றோடொன்று இடிக்கவிட்டு, கடைசிவரை அசைகிற வண்டிக்குக் கோப்பை கொடுக்கிற பந்தயம் அது. அரை மணி நேரத்தில் எமில் மாமாவின் கார் தகரக் குவியலாகிவிடும்.

வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்த எமில் மாமா, தன் 1963 பிளிமத் காரை அக்கா தம்பி இருவர் பேருக்கும் சேர்த்து எழுதி வைத்துவிட்டார். காரை இரண்டாக அறுக்க முடியாது. முப்பத்தோரு வருடம் அது கொட்டகைக்குள் கோழிகளோடு குடித்தனம் நடத்தியிருந்தது. யாருடையது என்று முடிவு கட்ட, அக்காவும் தம்பியும் காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு காகிதக் கைக்குட்டையில் ஒப்பந்தம் எழுதினார்கள். ஊர்வலத்தில் வண்டி சொந்த எஞ்சினில் ஓட வேண்டும் என்பது ஆர்லிஸ் எழுதிய வரி. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே உள்ள வெள்ளைக் கோட்டில் சொந்த பிரேக்கில் நிற்க வேண்டும் என்பது ட்வெய்ன் சேர்த்த வரி.

"ஓடுறது பெரிய விஷயம் இல்லக்கா. நிக்கணும்," என்று அன்றைக்கே அவன் சிரித்தான். பதினான்கு வண்டிகளை மோதி நொறுக்கியவன். எதில் எது முதலில் கைவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

பதினோரு வாரமாக ஆர்லிஸும் அவள் கணவன் லீலண்டும் அந்த வண்டியோடுதான் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் வேலை ஒரே பள்ளிக்கூடத்தில். அவள் சமையல்கட்டில், அவன் பேருந்து ஓட்டுகிறவன். பள்ளி விட்ட சாயங்காலங்களிலும் பிறகு கோடை விடுமுறையிலும் நேரம் நிறைய இருந்தது, பணம்தான் இல்லை. இறுகிப்போன எஞ்சினுக்குள் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று வாரம் காத்திருந்தார்கள். ஹீட்டருக்குள் இருந்த எலிக் கூட்டை வாளி வாளியாக அள்ளினார்கள். பள்ளிச் சாப்பாட்டு மேசைகளின் பழைய ரெக்சின் விரிப்புகளை வெட்டி முன் சீட்டுக்கு உறை தைத்தாள் ஆர்லிஸ். ட்ராக்டருக்கு அடிக்கிற சிவப்பு பெயிண்டை ஸ்பாஞ்சு உருளையால் உருட்டித் தேய்த்தான் லீலண்ட். கிட்டே போய்ப் பார்க்காதவரை அழகாகத்தான் இருந்தது.

டிக்கி மட்டும் திறக்கவே இல்லை. சாவி எங்கே போனது என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது. துளை போட்டுவிடலாம் என்றான் லீலண்ட். நல்ல மூடியை எதற்குக் கெடுப்பது என்று ஆர்லிஸ் தடுத்துவிட்டாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லை என்றான். பின் சீட்டையும் கோழிகள் விட்டுப்போன கோலத்திலேயே இந்த வருடத்துக்கு விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை எஞ்சின் உயிர் பெற்றது. சைலன்சர் ஓட்டையாகிப் போயிருந்ததால் அந்தச் சத்தம் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, ட்வெய்ன் வேலை பார்க்கிற தானியக் கிடங்கு வரை கேட்டதாம். இறுகியிருந்த பின் சக்கரமும் அந்த இழுப்பில் விட்டுக்கொடுத்தது. கொட்டகைச் சுவரை ஒட்டி நின்ற வண்டி முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்; அதுவரை அந்தப் பக்கக் கதவைத் திறக்க இடமே கிடையாது. பத்து வாரமும் ஆர்லிஸ் வலப்பக்கமாக ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்துதான் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை இடப்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்தார்கள். அதே சாயங்காலம் பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிற்று. இடப்பக்க முன் சக்கரத்தின் கீழே பிரேக் ஆயில் குளமாக நின்றது.

அந்தச் சக்கரத்தைத்தான் இப்போது அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைத் திட்டுறதுக்குப் பதிலா அந்தக் குழாயை எடுத்துக் குடு," என்றான் லீலண்ட்.

ஆறடி மூன்றங்குல ஆள் அவன். ஸ்பேனரின் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் சொருகி முழு பலத்தோடு அழுத்தினான். நட்டு அசையவில்லை. துருவைக் கரைக்கும் எண்ணெய் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தான். பிறகு குழாயின் மேல் ஏறி நின்றான்.

"படக்" என்று ஒரு சத்தம். லீலண்ட் கீழே உட்கார்ந்திருந்தான்.

"கழண்டுச்சா?" ஆர்லிஸ் ஓடி வந்தாள்.

"கழண்டுது. பாதி போல்ட்டோட."

உடைந்த போல்ட்டை அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். விரல் பருமன். உடைந்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது.

"வலப்பக்கச் சக்கரம் ரெண்டும் வெண்ணெய் மாதிரி வந்துச்சே," என்றாள்.

"அந்தப் பக்கம் சுவர் இல்ல, காத்து பட்டுச்சு. இந்தப் பக்கம் கோழி எச்சம் முப்பது வருஷமா ஊறியிருக்கு." லீலண்டுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

இரண்டாவது நட்டுக்கு நெருப்பு காட்டினான். பெயிண்ட் கருகி நாறியது. குழாயில் ஏறினான். அதுவும் உடைந்தது.

ஐந்து போல்ட்டில் இரண்டு போயிற்று. இன்னும் ஒன்று போனால் அந்தச் சக்கரத்தை நம்பி ரோட்டில் இறங்க முடியாது. ஆர்லிஸ் தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. சக்கரத்துக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் இந்த வண்டிக்கு ஆசைப்பட்டது வேறு எதற்காகவும் இல்லை. முப்பது வருடமாக அவள் கை செய்ததெல்லாம் பகல் ஒரு மணிக்குள் தீர்ந்துபோகிற பொருள்கள். இருநூறு பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் முதலிலிருந்து. தான் செய்த ஒரு பொருள் மறுநாளும் அங்கேயே இருக்க வேண்டும், அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இதை லீலண்டிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஏழே காலுக்கு ட்வெய்னின் பிக்கப் வண்டி மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கையில் பேக்கரிப் பெட்டியோடு இறங்கினான்.

"கோலாச்சி வாங்கிட்டு வந்தேன். கசகசா வச்ச பன். தோத்தவங்களுக்குப் பசிக்கும்ல."

"டேய், மணி ஏழுதான் ஆகுது," என்றாள் ஆர்லிஸ்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா. மச்சான், ஏன் தரையில உக்காந்திருக்க? வண்டி இடிச்சிடுச்சா?"

"உன் வேலை உனக்கு, என் வேலை எனக்கு," என்றான் லீலண்ட்.

ட்வெய்ன் பெட்டியைத் திறந்து ஒரு கோலாச்சியை எடுத்துக் கடித்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கதவில் விரலை வைத்துப் பார்த்தான். விரலில் சிவப்பு ஒட்டியது.

"இன்னும் காயலையே. ஊர்வலத்துல கொசுவெல்லாம் இதுல வந்து குடியேறும் பாரு." விரலைப் பேண்டில் துடைத்தான். "என் நம்பரை இந்தக் கதவுல எழுதினா எடுப்பா இருக்கும். நாப்பத்தி நாலு. வெள்ளையில."

"எழுதுவ, எழுதுவ."

"எவ்வளவு கனமான தகரம் தெரியுமா இது? இப்பல்லாம் இந்த மாதிரி வண்டி கிடைக்கிறதே இல்ல. கோப்பை நிச்சயம்க்கா. உன் பேரையும் அதுல போடச் சொல்றேன்."

லீலண்ட் மூன்றாவது நட்டில் ஸ்பேனரை மாட்டிக் குழாயைச் சொருகினான். குழாய் முனையைத் தோளில் வாங்கி, காலை ஊன்றினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லாமல் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்த அவன் தாடை பாதியில் நின்றது. குழாயையே பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"மச்சான், நிறுத்து," என்றான் ட்வெய்ன்.

"ஏன்?"

"நிறுத்துன்னா நிறுத்து."

மிச்சக் கோலாச்சியை அக்காவின் கையில் திணித்துவிட்டு வந்து குனிந்தான். போல்ட்டின் நுனியிலிருந்த அழுக்கைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தான். அங்கே ஒரு சின்ன எழுத்து செதுக்கியிருந்தது. 'L'.

"இது என்னன்னு நினைச்ச?"

"கம்பெனிக்காரன் போட்ட முத்திரைன்னு."

"இடதுன்னு போட்டிருக்கான் மச்சான். இந்த வண்டியில இடப்பக்கச் சக்கரத்துல மரை எல்லாம் தலைகீழ். சக்கரம் சுத்துற சுத்துல நட்டு தானாக் கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். வலப்பக்கம் கழட்டுற மாதிரி இங்க திருப்பினா இறுகும்."

லீலண்ட் குழாயைக் கீழே வைத்தான். "அப்போ காலையில இருந்து நான்..."

"இறுக்கிட்டு இருந்த. நல்லா, ஏறி நின்னு."

ட்வெய்ன் குழாயை உருவி எறிந்தான். வெறும் ஸ்பேனரை எதிர்ப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தான். முப்பத்தோரு வருட நட்டு ஒரு முனகலோடு சுழன்று வந்தது. மற்ற இரண்டும் அப்படியே வந்தன. சக்கரம் கழன்று லீலண்டின் மடியில் சாய்ந்தது.

வயலில் எங்கோ ஒரு ட்ராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீ ஏன்டா சொன்ன?" என்றாள் ஆர்லிஸ். "வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே."

ட்வெய்ன் ஸ்பேனரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"மோதல் பந்தயத்துல எங்க வேணா இடிக்கலாம்க்கா. மூஞ்சியில, முதுகுல, எங்க வேணா. டிரைவர் கதவுல மட்டும் இடிக்கக் கூடாது. இடிச்சா வெளிய அனுப்பிடுவாங்க. நாங்க எல்லாம் அதுக்குக் கட்டுப்பட்டவங்க." தலை நிமிராமலே தொடர்ந்தான். "ஓட்டுற ஆள் அந்தப் பக்கம்தானே இருக்கு."

ஆர்லிஸ் கையிலிருந்த தம்பியின் எச்சில் கோலாச்சியை வாயில் போட்டுக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ரெண்டு போல்ட் இல்லாம எப்படிப் போவீங்க? இருங்க," என்று சொல்லிவிட்டு அவன் பிக்கப்பில் ஏறிப் போனான். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தான். இதே மாதிரி பிளிமத் ஒன்றின் சக்கர மையம் அவன் கையில் இருந்தது.

"ரெண்டாயிரத்து ஒன்பதுல ரெண்டாவது சுத்துலயே போன வண்டி. போல்ட் மட்டும் தங்கம்."

சுத்தியலும் கையுமாக ஆண்கள் இருவரும் பழைய போல்ட்டை அடித்து வெளியேற்றிப் புதியதை இறக்கினார்கள். புதியது என்றால் ட்வெய்னின் பழையது. லீலண்ட் புது வீல் சிலிண்டரைப் பொருத்தினான். அப்புறம் பிரேக் ஆயில் குழாய்க்குள் அடைத்துக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்கு எந்தக் குடும்பத்திலும் ஒருவர் பெடலில், ஒருவர் தரையில். ஆர்லிஸ் பெடலில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து இரண்டு குரல்கள் அவளை ஆட்டி வைத்தன.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்க. விடாத."

"விடல."

"விடாதன்னா விடுறியே?"

"டேய், காலு என்னோடது. எனக்குத் தெரியாதா?"

"மச்சான், அக்கா சமையல்கட்டுலயும் இப்படித்தானா?"

"நான் பேசுறதில்ல. தட்டை நீட்டுவேன்," என்றான் லீலண்ட்.

ஒன்பது இருபதுக்கு அவள் காலின் கீழே பெடல் கெட்டியாக நின்றது. இன்னொரு தடவை அமுக்கினாள். அப்போதும் நின்றது. சந்தோஷத்தில் அவள் ஹாரனை அடித்தாள். அது வேலை செய்யவில்லை. ஒப்பந்தத்தில் ஹாரன் கிடையாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் கடைசி வாரம். காட்டன்வுட் மரங்களிலிருந்து பஞ்சு உதிர்கிற பருவம். மண் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் ஒரு மைல் தூரத்தில் அத்தனை பஞ்சும் காயாத இடப்பக்க பெயிண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் பார்த்தால் சிவப்புக் கார். இடப்பக்கம் பார்த்தால் செம்மறி ஆடு. ஊர்வலம் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் இடப்பக்கக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

"ஆர்லிஸ், எப்போ கம்பளி கத்தரிக்கப் போற?" என்று ஒருவர் கத்தினார்.

"வெயில் குறையட்டும்," என்றாள் அவள்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாஷ்போர்டில் கியர் பட்டன்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் லீலண்ட் முழங்காலைக் கைகளால் பிடித்துக்கொண்டு, தானே பிரேக் போடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு ட்ராக்டர் இழுக்கிற தட்டுவண்டியில் போல்கா நடன வாத்தியக் குழு. பின்னால் தீயணைப்பு வண்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் இறைத்துக்கொண்டு. எஞ்சின் கடகடத்தாலும் நிற்காமல் ஓடியது. தான் துடைத்துத் துடைத்துப் பூட்டிய ஒவ்வொரு துண்டும் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது ஆர்லிஸுக்குக் கண் கலங்கியது.

தீயணைப்பு நிலையம் வந்தது. வெள்ளைக் கோடு இன்னும் இருபதடியில். கோட்டுக்குப் பக்கத்தில் ட்வெய்ன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது முன்னால் போன ட்ராக்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. டிரைவரின் தொப்பி காற்றில் பறந்திருந்தது. தட்டுவண்டியின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுப் பெரிய குழலை ஊதிக்கொண்டிருந்த மனிதர் ஊதுவதை விட்டுவிட்டுக் காலை மேலே இழுத்தார்.

ஆர்லிஸ் பெடலை மிதித்தாள்.

மிதித்த மிதியில் வண்டி மூக்கைக் கீழே குத்தியது. லீலண்டின் நெற்றி கண்ணாடிக்கு அரையடி முன்னால் வந்து திரும்பியது. டயர் கீச்சிட்டது. பின்னால், டிக்கிக்குள், கனமான ஏதோ ஒன்று சரிந்து வந்து பின் சீட்டின் முதுகில் "தொம்" என்று மோதியது.

வண்டி நின்றுவிட்டது. முன் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேலேயே இருந்தது. குழல்காரரின் காலணிக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடம். கூட்டம் கைதட்டியது. ஆர்லிஸும் லீலண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்ன," என்றாள் அவள் மெதுவாக.

"தட்டித்தான் பார்த்தேன்," என்றான் அவன்.

ட்வெய்ன் ஜன்னலில் வந்து குனிந்தான். சட்டைப் பையிலிருந்து வண்டியின் உரிமைக் காகிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"நின்னுடுச்சு. எடுத்துக்கோ."

தன் பங்கை விட்டுக்கொடுத்து அவன் கோணல் கையெழுத்து போட்டிருந்தான். பக்கத்தில் தேதி. ஆர்லிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். இன்றைய தேதி இல்லை. வியாழக்கிழமைத் தேதி.

"இது வியாழக்கிழமையே போட்ட கையெழுத்து."

"எஞ்சின் சத்தம் கிடங்கு வரைக்கும் கேட்டுச்சு," என்றான் ட்வெய்ன். "அதைக் கேட்ட பிறகு இந்த வண்டியை எப்படிக்கா இடிக்கிறது?"

"அப்போ இன்னிக்குக் காலையில எதுக்குடா கதவுல நம்பர் எழுதுறேன்னு என் உயிரை எடுத்த?"

"நிக்குமான்னு பார்க்கணும்ல."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் காதைப் பிடித்துத் திருகினாள். ஊரே பார்த்தது. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. முன்னால் ட்ராக்டர் நகர்ந்தது. பின்னால் தீயணைப்பு வண்டி மணி அடித்தது.

ஆர்லிஸ் பட்டனை அமுக்கினாள். வண்டி கிளம்பிய உதறலில் டிக்கிக்குள் அந்தப் பொருள் மறுபடி சரிந்து, பின்பக்கம் போய் மோதியது. இந்தத் தடவை ட்வெய்னுக்கும் கேட்டது. வண்டியோடு சேர்ந்து நடந்தான்.

"உள்ள என்னக்கா அது?"

"தெரியலடா. டிக்கிக்குச் சாவியே இல்லையே."

"மாமா அதுல ஏதோ வச்சிருக்கார்."

"அப்படித்தான் போல."

நடை ஓட்டமாக மாறியது. "அக்கா, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் குடேன். ஒண்ணு பார்க்கணும்."

ஆர்லிஸ் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டு, பித்தானை மாட்டினாள்.

"டிக்கியோட சேர்த்துத்தானேடா கையெழுத்து போட்ட?" என்று கேட்டுவிட்டு வண்டியை ஓட்டினாள்.